போட்டிக்குப் பழகினால் தெருவுக்கு உதவுமா? மாஸ்டர் பதில்கள்

ஓசூர்: என் மகன் டேக்வாண்டோவில் மாநிலப் பதக்கம் வாங்கியவன். பள்ளி வாசலில் ஒரு பையன் முகத்தில் குத்தியபோது தடுக்கக்கூடத் தெரியவில்லை. பயிற்சியில் கோளாறா, மாஸ்டர்?

கோளாறு பயிற்சியில் இல்லை, போட்டி விதியில் இருக்கிறது. டேக்வாண்டோவில் மார்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. முகத்தில் குத்தத் தடை. வராத அடியைத் தடுக்க யார் பழகுவார்கள்? அதனால் கை கீழேயே தொங்கும். கவசத்தில் சென்சார் வந்த பிறகு முன்காலைத் தூக்கியபடியே நின்று தட்டும் பழக்கமும் வந்துவிட்டது. ஜல்லி ரோட்டில் ஒற்றைக்காலில் நிற்பவனைத் தோளில் ஒரு தள்ளு தள்ளினால் போதும், சாய்ந்துவிடுவான்.

அதற்காக டேக்வாண்டோவை நிறுத்திவிடாதீர்கள். கால் வேகமும் தூரக் கணக்கும் வேறெங்கும் இவ்வளவு எளிதில் வராது. கூடவே வாரம் இரண்டு நாள் குத்துச்சண்டைக்கு அனுப்புங்கள். தாடை தானே இறங்கும், கை தானே ஏறும்.

சேலம்: கராத்தே, குங்ஃபூ, எது சிறந்தது?

வகுப்பை நேரில் போய்ப் பாருங்கள். ஒருவன் குத்திவிட்டுக் கையை நீட்டியபடி சிலையாக நிற்கிறான், மற்றவன் அவனை நாலு சாத்து சாத்துகிறான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். எதிராளி நிஜமாகவே எதிர்க்கிறானா என்பதுதான் கேள்வி. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தால் என்ன?

கரூர்: டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே இறுதியில் உதை வாங்கி மயங்கி விழுந்தவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். இதெல்லாம் ஒரு சண்டையா?

75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவு, 2021 ஆகஸ்ட் 7. சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என முன்னணியில் இருந்தார். அவர் உதைத்த உதையில் ஈரானின் சஜாத் கன்ஜ்சாதே நினைவிழந்தார். அளவு மீறிய தாக்குதல் என்று ஹமேதியைத் தகுதி நீக்கினார்கள். விதிப்படி சரியான தீர்ப்பு. அந்தப் போட்டி அளப்பது கட்டுப்பாட்டை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அடி தொட்டதும் நடுவர் "யாமே" (நிறுத்து) என்பார், இருவரும் விலகுவார்கள். ஆயிரம் முறை அப்படிப் பழகிய உடம்பு தெருவிலும் ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். எதிரே நிற்பவன் நிற்கமாட்டான்.

கோவில்பட்டி: கரூர்க்காரர் போட்டிச் சண்டையைப் பற்றியே பேசுகிறார். எங்கள் பழைய முறையில் கண், தொண்டை, விதை என்று உயிர்நிலைகளைத் தாக்குவோம். போட்டியில் அதற்குத் தடை. உண்மையான தற்காப்பு எங்களிடம்தான்.

ஐயா, கண்ணைக் குத்த எத்தனை பேரிடம் பழகினீர்கள்? எதிர்க்கும் ஆளிடம் முழு பலத்தில் பழக முடியாத அடி, வேண்டிய நேரத்தில் வராது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கொடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது ஆபத்தான அடிகளைக் கட்டாவில், அதாவது முன்பே வகுத்த வரிசைப்படி செய்யும் பயிற்சியில், ஒதுக்கி வைத்தார். மிச்சத்தை மாணவர்கள் தினமும் முழு வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழகினார்கள். ஜூடோக்காரன் தூக்கிப் போட்டால் ஆள் விழுவது அதனால்தான்.

கரூர்: அப்படியென்றால் ஜூடோவே போதுமே!

போதாது. காலைப் பிடித்துத் தூக்குவதை 2010இல் பாதியும் 2013இல் முழுதுமாகத் தடை செய்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பிடியிலிருந்து தப்பத் தெரியவில்லை. பிடிப்பதற்குத் தடித்த ஜாக்கெட் வேறு வேண்டும். நம் ஊர் வெயிலில் பனியனோடு நிற்பவனிடம் எதைப் பிடிப்பது? மெத்தை விரிப்பில் செய்யும் தோள்வீச்சைச் சிமெண்ட் தரையில் செய்தால் தலை மோதி ஆள் போய்விடுவான். அப்புறம் நீங்கள்தான் குற்றவாளி.

கோவில்பட்டி: கட்டாவைக் கேவலப்படுத்துகிறீர்கள்.

இல்லை. கட்டாவை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். கரூரும் கோவில்பட்டியும் இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாம்பரம்: மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது, சார்? செயினைப் பறித்தால்?

கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் அவன் பிடியில் பலவீனம், அம்மா. பின்னால் இழுக்காதீர்கள், அது அவனுக்குத்தான் வசதி. ஒரு அடி அவனை நோக்கி வையுங்கள். முன்கையின் குறுகிய ஓரம் அந்த இடைவெளிக்கு வருமாறு கையைத் திருப்பி, உங்கள் முழங்கையை அவன் முழங்கையை நோக்கிச் சட்டென்று மடக்குங்கள். இரண்டு கையாலும் பிடித்திருந்தால், மாட்டிய கையின் முஷ்டியை மற்றக் கையால் பற்றி மேலே பிடுங்க வேண்டும். வகுப்பில் தோழி லேசாகப் பிடித்தால் எல்லோருக்கும் வரும். கெட்டியாகப் பிடிக்கச் சொல்லிப் பழகுங்கள். விடுபட்டதும் ஓட்டம், கத்தல், 112.

செயினை விட்டுவிடுங்கள். பைக் இழுத்தால் தலை தரையில்தான் மோதும்.

திருநெல்வேலி: சிலம்பம் தெருவுக்கு உதவுமா, ஆசானே? விளையாட்டு இட ஒதுக்கீடு கிடைக்குமா?

தொடு போட்டியில் கம்பு நுனி பட்டாலே புள்ளி. அதனால் வீச்சு மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது, இடுப்பு திரும்புவதில்லை. ஆனால் காலடி வரிசை அசல் சரக்கு. கம்பை எப்போதும் கையில் வைத்திருக்க முடியாது என்பதால் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இட ஒதுக்கீடு பற்றிக் கேட்டதற்கு மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள்.

ஈரோடு: வெறுங்கையால் முகத்தில் குத்தலாமா?

கூடாது. குத்துச்சண்டைக்காரர் சுமார் 4.5 மீட்டர் துணியைக் கையில் சுற்றி, மேலே கிளவுஸ் போட்டுத்தான் குத்துகிறார். வெறுங்கை மண்டையோட்டில் பட்டால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறியும். உள்ளங்கையின் அடிமேட்டால் அடியுங்கள். அதையும் ஓட வழி இல்லாதபோது மட்டும். அவன் பின்பக்கமாகச் சாய்ந்தால் சிமெண்ட் தரை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

விழுப்புரம்: சட்டம் நம்மைக் காப்பாற்றுமா?

பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் சட்டத்தில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது 37இல் இருக்கிறது. விழுந்தவனை மிதித்தால் அது தற்காப்பு ஆகாது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

நாமக்கல்: மூட்டு வலிக்கிறது, உதை பழகலாமா?

முதலில் எலும்பு மருத்துவர்.

தர்மபுரி: கராத்தேவா, பாக்ஸிங்கா, எது சிறந்தது?

சேலத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.