பாடசாலையில் தொழிற்கல்விப் பிரிவு என்றால் என்ன?

11ஆம் தர முடிவில் நடைபெறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவரைப் பாடசாலையை விட்டு விலகவிடாமல், ஒரு தொழிலை நோக்கிப் படிப்படியாக அழைத்துச் செல்லும் கல்வி ஒழுங்கே தொழிற்கல்விப் பிரிவாகும். இலங்கையில் 2017இல் ஆரம்பமான 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், பெறுபேறு எவ்வாறிருப்பினும் 12ஆம் தரத்தில் இப்பிரிவில் சேர வழிசெய்தது. பொதுப் பாடங்களைப் பாடசாலையில் கற்றபின், தெரிவுசெய்த துறையில் பயிற்சி நிலையமொன்றில் கைப்பழக்கம் பெறுவர். இலக்கு, தொழில் திறனுக்கு நாடளாவிய அங்கீகாரம் தரும் சான்றிதழான தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டம்.

மலையகத்தில் இதன் தேவை ஆழமானது. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை மறுமாதமே கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குச் செல்வதும், பல ஆண்டுகள் உழைத்து வேலையை நன்கு கற்ற பின்னரும் கையில் சான்றிதழ் இல்லாததால் சம்பளம் உயராமல் நிற்பதும் என்னை நெடுநாளாக வருத்துகின்றன.

தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் தவறணையை நினைத்துப் பாருங்கள். பொலித்தீன் பையில் வேர்விட்ட கன்றை நேரே மலைச்சரிவின் வெயிலில் நடுவதில்லை. நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கிய பின்னரே நடுகிறோம். பயிற்சிக் காலமும் அத்தகையதே.

இது படிக்க இயலாதவர்களுக்கான ஒதுக்கிடம் என்று பெற்றோர் பலர் எண்ணுவது தவறு: தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது, அதன் 7ஆம் மட்டம் பட்டப்படிப்புக்கு உரியது.