கேளுங்கள், சொல்கிறோம்: பழைய டெலி லென்ஸும் பிலிம் கேமராவும்

கேள்வி: முதன்முறையாகப் பிலிமில் படம் எடுக்கப் போகிறேன். கடைக்காரர் கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறார். எதை வாங்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: மூன்றில் எது ஒழுங்காக ஓடுகிறதோ, அதை. பெயரெல்லாம் அப்புறம்தான்.

1976இல் வந்த ஏஇ-1க்கு ஷட்டரே பேட்டரியில்தான் ஓடும். 6 வோல்ட் 4எல்ஆர்44 தீர்ந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் கட்டை. பட்டனை அழுத்தும்போது இருமல்காரர் மூச்சிழுப்பதுபோல் ஒரு ‘கீச்’ கேட்டால், உள்ளிருக்கும் மிரரை (பிரதிபலிப்புக் கண்ணாடியை) தூக்கும் பற்சக்கரங்களில் எண்ணெய் வறண்டுவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக் சரிசெய்துவிடுவார், அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கே1000, அதே 1976இல் தொடங்கி 1997 வரை தயாரிப்பில் இருந்தது. முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி சும்மா கிடந்தே தீர்ந்துபோகும். எஃப்எம்2 (1982) 1/4000 நொடி வரை போகும். அதுவும் பேட்டரி இல்லாமல் ஓடும், ஆனால் விலை அதிகம். 1977க்கு முந்தைய, ‘ஏஐ’ (நிக்கான் பிறகு கொண்டுவந்த இணைப்பு முறை) ஆக மாற்றப்படாத நிக்கார், அதாவது நிக்கானின் சொந்த லென்ஸை இதில் மாட்டாதீர்கள். மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) ஓரத்தில் உள்ள சிறு நெம்புகோல் சேதமாகும். ஏஐ லென்ஸின் அபர்ச்சர் (ஒளி புகும் துளை) வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், கீழ்வரிசை பொடியாக. ஒற்றை வரிசை என்றால் தொடவேண்டாம்.

எங்களைக் கேட்டால், ஷட்டர் நன்றாக இருக்கும் கே1000.

ஷட்டரைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். 1/1000இல் பத்துத் தடவை அடியுங்கள். கட்டம் முழுக்க ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால், ஷட்டரின் இரு திரைகளில் (ஒன்று பிலிமைத் திறக்கும், மற்றது மூடும்) இரண்டாவது முதலாவதைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. படத்திலும் அந்த ஓரம் கறுத்தே வரும். மெதுவான வேகங்களுக்கு மொபைலில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்து, திரை திறந்திருக்கும் பிரேம்களை எண்ணுங்கள். 1/30க்கு 8 பிரேம் வரவேண்டும். 12 வந்தால் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது. திரையை மட்டும் விரலால் தொடாதீர்கள்.

கதவு இடுக்கில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் தாரைப்போல் ஒட்டினால் பயப்பட வேண்டாம். எல்லாப் பழைய கேமராவிலும் அது உருகத்தான் செய்யும். பல்குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு சுரண்டி, புது ஸ்பாஞ்ச் ஒட்டினால் போதும். மாற்றாமல் ரோல் போட்டால் படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழும்.

கேள்வி: டெலி லென்ஸில் (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) 135, 200, 500 மி.மீ. மூன்றும் கிடைக்கின்றன. கோயில் சிற்பங்களும் பறவைகளும் எடுக்க ஆசை.
– தஞ்சாவூர் வாசகி

பதில்: சிற்பத்துக்கு 135 போதும். பழைய டெலிகளில் ஏராளமாகச் செய்யப்பட்டதும், அதனாலேயே விலை குறைந்ததும் அதுதான். எம்42 திருகு மவுண்டில் (லென்ஸைத் திருகி மாட்டும் 42 மி.மீ. முறை) டாகுமார் 135 எஃப்/3.5 (எஃப் எண் சிறியதானால் துளை பெரியது), ரஷ்ய ஜூபிட்டர்-37ஏ, கிழக்கு ஜெர்மனியின் ஜெனா ஜோனார் 135 எஃப்/3.5 மூன்றும் நம்பகமானவை. ஜோனார் 1 மீட்டர் வரை நெருங்கும். தூண் சிற்பத்தின் முகத்தை மட்டும் எடுக்க அது பெரிய வசதி.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/மி.மீ.க்குக் குறையக் கூடாது: 135க்கு 1/125ஐவிட 1/250 நல்லது, 200க்கு 1/250, 500க்கு 1/500. கோயில் மண்டபத்தின் உள்ளே ஐஎஸ்ஓ 400 பிலிமில்கூட 200 எஃப்/4ஐக் கையில் பிடித்து எடுப்பது நடக்கிற காரியமில்லை.

500 எஃப்/8 மிரர் லென்ஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி கொண்டது) குட்டையாக, எடை குறைவாக இருப்பதால் பலர் மயங்குகிறார்கள். அதில் அபர்ச்சர் எஃப்/8 ஒன்றுதான், குறைக்கவும் கூட்டவும் வழியில்லை. உச்சி வெயிலில் 400 பிலிமுக்கு எஃப்/16இல் 1/400 என்பது கணக்கு. எஃப்/8இல் 1/1600 ஆகிறது. கே1000இல் 1/1000க்கு மேல் இல்லை. நெகட்டிவ் பிலிம் அந்த மிகை வெளிச்சத்தைத் தாங்கும், ஸ்லைடு பிலிம் தாங்காது. விடியற்காலையிலோ நிலைமை தலைகீழ்: மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) வெளிச்சம் குறைந்தால் 1/200தான் கிடைக்கும், டிரைபாட் இல்லாமல் பறவை மங்கலாகிவிடும். பின்னணியில் ஒளிப்புள்ளிகள் எல்லாம் வடை வடையாக விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எஃப்/5.6க்கு மேல் போனால் வியூஃபைண்டர் நடுவில் ஃபோகஸ் பார்க்கும் பிளவு வட்டம் இருந்தால், அதில் ஒரு பாதி கறுத்துவிடும். சுற்றியுள்ள மங்கல் கண்ணாடியில் ஃபோகஸ் பார்க்கப் பழக வேண்டும்.

முதலில் 135 வாங்கி ஐந்தாறு ரோல் எடுத்துவிட்டு, பிறகு 200 பற்றி யோசியுங்கள்.

கேள்வி: எம்42 லென்ஸை இணைப்பு வளையம் (அடாப்டர்) போட்டு நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினேன். தூரத்துக் கோபுரம் ஃபோகஸே ஆகவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா?
– மதுரை வாசகர்

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, தூரம்தான் இடிக்கிறது. மவுண்டிலிருந்து பிலிம் வரை எம்42க்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்புக்கு 46.5. ஆக லென்ஸ் இருக்கவேண்டிய இடத்துக்கு 1 மி.மீ. முன்னால் நிற்கிறது. அந்த 1 மி.மீ.யால் 50 மி.மீ. லென்ஸ் இரண்டரை மீட்டருக்கு மேல் ஃபோகஸ் ஆகாது. 135 ஏறக்குறைய 17 மீட்டர் வரை ஆகும். 200க்கு 38 மீட்டர். வளையத்தின் தடிப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். உள்ளே ஒரு சிறு லென்ஸ் வைத்த வளையம் கிடைக்கிறது, இன்ஃபினிட்டி (எவ்வளவு தூரமானாலும்) வரை ஃபோகஸ் வரும். ஆனால் அபர்ச்சரை முழுக்கத் திறந்தால் கூர்மை போய்விடும். கேனான் இஎஃப் (44 மி.மீ.), சோனி இ (18), நிக்கான் இசட் (16) இவற்றில் வெறும் உலோக வளையமே போதும். சோனியில் மாட்டும்போது மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை ஆன் செய்ய மறக்காதீர்கள். லென்ஸில் ஏ/எம் என்ற பொத்தான் இருந்தால் எம்மில் வையுங்கள், இல்லையேல் அபர்ச்சர் மூடாது.

கேள்வி: வாங்கப்போகும் லென்ஸில் ‘லேசான பூஞ்சை, படத்தில் தெரியாது’ என்கிறார்கள். நம்பலாமா?
– சென்னை வாசகர்

பதில்: அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை கிளையாகத் தெரிவது பூஞ்சை. தூசி பத்துப் பொட்டு இருந்தால் ஒன்றுமில்லை. பால்போல மங்கல் பரவியிருந்தால், வெயிலுக்கு எதிராக எடுக்கும் படமெல்லாம் வெளிறிவிடும். வெளிக்கண்ணாடியில் இருக்கும் பூஞ்சை துடைத்தால் போய்விடலாம். உள்ளே இருப்பதைப் பிரித்துத் துடைத்தாலும், கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் மறையாது. பாதி விலைக்குக் கொடுத்தால்கூட அதை ஒதுக்குவதே மேல். அப்படியே பின்முனையில் உள்ள பின்னைத் தள்ளி விடுங்கள்: அபர்ச்சர் தகடுகள் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் மினுமினுத்து அவை சோம்பேறித்தனமாக மூடினால் படம் மிகையாக வெளுக்கும்.

நல்ல லென்ஸ் வாங்கிவந்து தோல் உறையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும். டப்பாவில் அரிசி போடுவது வேண்டாம். தவிட்டுத் தூசியும் வண்டும்தான் மிச்சம்.

கேள்வி: மினோல்டா எஸ்ஆர்டி 101க்குப் பேட்டரியே கிடைக்கவில்லை.
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அந்தப் பழைய பிலிம் கேமராவின் மீட்டருக்குரியது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, இப்போது தயாரிப்பில்லை. அதே அளவு அல்கலைன் 1.5 வோல்ட் என்பதால் மீட்டர் ஏறி நிற்கும், படம் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் இருண்டு போகும். மருந்துக்கடையில் காதுக்கருவிக்கு விற்கும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரி. விட்டம் சிறியது, எனவே சுற்றி ஒரு ரப்பர் வளையம் வையுங்கள். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பட்ட பிறகு போடுங்கள். உரித்தபின் இரண்டு மூன்று மாதம் தாங்கும், நீங்கள் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.