திண்ணையில் எழுதிய அடங்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவன். சில காலமாகச் சிறுகதை எழுதிப் பழகிவருகிறேன். அன்றாட எழுத்து வேலைக்கு நீங்கள் எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். பேனாவா, மடிக்கணினியா? எந்த விசைப்பலகை, எந்த அகராதி? பேசினால் தானே தட்டச்சாகும் வசதியை நம்பலாமா? புதிய மடிக்கணினி ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கிறது. இத்துடன் என் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். 1962ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் வேலூரில் நடக்கும் கதை. படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்., குடியாத்தம்

*

அன்புள்ள எஸ்.,

எழுதுகிறவருடைய மேசையில் என்ன இருக்க வேண்டும் என்று நானே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

பேனா எதுவானாலும் சரி. மடிக்கணினி வாங்க வேண்டாம், இருப்பதே போதும். விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகிக்கொள்ளுங்கள். 1999இல் தமிழக அரசு தர நிர்ணயம் செய்த அந்த அமைப்பு கைக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆகும், அதன்பின் ஆங்கில எழுத்துகளின் வழியாகத் தமிழை எண்ணிப்பார்க்கும் சுமை உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். பேசித் தட்டச்சு செய்வது கடிதத்துக்குச் சரி, கதைக்கு வேண்டாம். அகராதியில் இரண்டு கட்டாயம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இன்று இணையத்திலேயே இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. 1992இல் முதலில் வந்து 2020இல் மூன்றாம் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு எழுத வருகிறது என்பதால்தான் அந்தக் கோபம். வராதவர் என்றால் நன்றி சொல்லி முடித்திருப்பேன். தாயும் மகளும் பேசாமல் சாப்பிடும் இடத்தை அத்தனை நிதானமாக எழுதத் தெரிந்த நீங்கள், அடுத்த பக்கத்திலேயே, சித்திரை மாதத்துப் பாலாற்றை இரு கரையும் புரள ஓடவிட்டிருக்கிறீர்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிப் பக்கம் தமிழகத்துக்குள் நுழையும் இந்த ஆறு கரைபுரண்டது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். வாணியம்பாடியைச் சூறையாடிய 1903ஆம் ஆண்டு வெள்ளம் நவம்பரில் வந்தது; நீங்களே கண்ணால் பார்த்திருக்கக்கூடிய 2021ஆம் ஆண்டு வெள்ளமும் நவம்பரில்தான் வந்தது. சித்திரையில் நம் மக்கள் அந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். ‘வேலூர் மாவட்டக் கலெக்டர்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1962இல் அது வடஆற்காடு மாவட்டம். இதைத் திருத்த ஒரு நிமிடம் போதும் என்பதால் இத்துடன் விடுகிறேன்.

கோயில் விஷயத்தை அப்படி விட முடியாது. உங்கள் கதாநாயகி கோட்டைக்குள் சென்று, ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் நின்று, தீபாராதனையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுகிறாள். கதையின் உச்சமே அந்த இடம்தான். 1962இல் அந்தக் கருவறையில் மூலவர் இல்லை, தம்பி. தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயில் வழிபாடின்றித்தான் கிடந்தது. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் வந்துபோனார்கள். பூசை கிடையாது, மணி கிடையாது. வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டு நிறுவப்பட்டது. வேலூர்க்காரர்களில் வயது முதிர்ந்தவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. கருவிகளைப் பற்றி இத்தனை கேள்விகளை எனக்கு அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கும் ஊரில் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக, இருந்தார். சிட்டா, அடங்கல், புலப்படம் என்று அவர் வீட்டுப் பெட்டி நிறையக் கணக்குகள் இருக்கும். அவற்றில் அவர் உயிராய்ப் போற்றியது அடங்கலைத்தான். கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் அந்தப் போகத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, ஏரிப் பாசனமா கிணற்றுப் பாசனமா, விளைந்ததா கருகியதா என்பதையெல்லாம் நிலத்தை நேரில் பார்த்து எழுத வேண்டிய கணக்கு அது. தலையாரி முன்னே நடக்க, அவர் கழனி வரப்புகளில் குடையோடு நடந்துபோவார். விடுமுறை நாட்களில் நானும் பின்னால் ஓடுவேன். கேழ்வரகு நின்றிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, போன தடவை இங்கே வேர்க்கடலை என்றல்லவா எழுதியிருக்கிறது என்று உழவரிடம் விசாரித்து, அவர் ஏன் மாற்றினார் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் அடுத்த நிலத்துக்கு நகர்வார். வீட்டில் உட்கார்ந்தபடியே போன பசலியின் (வருவாய்க் கணக்கு ஆண்டின்) கணக்கைப் பார்த்து இந்தப் பசலிக்கும் எழுதிவிடும் கர்ணங்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட கணக்குக்கு அவர் ‘திண்ணை அடங்கல்’ என்று பெயர் வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த வெறுப்பை, சாமானியமாக யாரையும் திட்டாத அந்த மனிதரிடம் வேறு எதற்காகவும் நான் கண்டதில்லை. 1980 நவம்பரில் அரசு கர்ணம் பதவிகளை ஒழித்தது. அது நியாயமான நடவடிக்கை என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் பரம்பரையாகக் கைமாறிய அந்த அதிகாரத்தால் நொந்துபோன குடும்பங்கள் கிராமத்துக்குக் கிராமம் இருந்தன. ஆனால் தாத்தாவின் அந்த நடையை நான் விட்டுவிடவில்லை.

என் மேசையின் முதல் கருவி, நீளவாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டு. தேதி, ஊர், சொன்னவரின் வயதும் தொழிலும், அவர் சொன்ன செய்தி, கடைசிக் கட்டத்தில் அதை நான் கண்டேனா கேட்டேனா என்ற குறிப்பு. கண்டதையும் கேட்டதையும் கலக்க விடுவதில்லை. ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியவர், குரோம் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட முறையைச் சொன்னார், அது ‘கேட்டது’. எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போன தேதி ‘கண்டது’. உங்கள் கதையில் அந்தப் பெண் பீடி சுற்றுகிறாள். ‘மெல்லிய விரல்களால் சுற்றினாள்’ என்ற ஒரு வரியோடு அதைக் கடந்துவிடுகிறீர்கள். இலையை நனைத்துப் பதமாக்குவது, தகட்டை வைத்துக் கத்தரிப்பது, புகையிலைத் தூளை அளவாக வைத்துச் சுருட்டி முனையை மடக்கி நூல் கட்டுவது, சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி போவது, இவை அத்தனையும் உங்கள் ஊரிலேயே நடக்கும்போது அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லாமல் போனது எப்படி?

நோட்டுக்கு அடுத்தபடியாக நான் அடிக்கடி திறப்பது வடஆற்காடு மாவட்டத்து மானுவல், அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடு. ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதியது. ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்திய பதிப்பு 1895இல் வந்தது. ஆங்கில நூல்தான், ஆனால் மின்வருடிய பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாலுகா தாலுகாவாக ஆறு, ஏரி, மலை, பயிர், சந்தை, கோட்டை, கோயில் என்று விரியும் அந்த நூலை, ஆண்ட அதிகாரிகளின் கண் அது என்பதை மறக்காமல் படியுங்கள். குறிப்பாகச் சாதிகளைப் பற்றி அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துக் கதைக்குள் வைத்துவிடாதீர்கள். பழைய பத்திரங்கள் கைக்குக் கிடைத்தால் பசலிக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கழித்தால் பசலி கிடைக்கும். உங்கள் கதை நடக்கும் 1962 சித்திரை, பசலி 1371.

கதையைக் கிழித்துப் போட வேண்டாம். ஆண்டை 1982 என்று மாற்றித் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தப் பெண் அதே 1962இல் அதே கோயிலுக்கே போகட்டும். விளக்கும் பூசையும் இல்லாத சந்நிதிக்கு முன்னால் அவள் என்ன செய்வாள் என்பது நீங்கள் எழுதியிருக்கும் அழுகையைவிடக் கடினமான கேள்வி, உங்களால் எழுதக்கூடிய கேள்வியும்கூட. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரிக்குப் போய், லிங்கம் கோட்டைக்குப் புறப்பட்டுப் போனதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதற்கு முன்பு அந்தக் கோயில் எப்படி இருந்தது என்றும் அவர்களிடமே கேளுங்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்த பிறகு கதையைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிப்பேன்.