வாசலில் நெரிசல் என்றால் கேட்டைத் திறந்துவிடலாமே?

மைதான வாசலில் கூட்டம் முட்டும்போது, ஒவ்வொருவராக விடும் சுழல் கதவை விட்டுவிட்டு பெரிய கேட்டைத் திறந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அப்படித் திறந்தார்கள்.

1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானம், எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கால்பந்துத் தொடரின் அரையிறுதி. நின்று பார்க்கும் டிக்கெட் வைத்திருந்த 10,100 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஏழே சுழல் கதவுகள். வெளியே மூச்சுமுட்டவே, 2.52க்குப் போலீஸ் 'சி' கேட்டைத் திறக்கச் சொன்னது. சரி, வாசல் தளர்ந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது, ஸ்டாண்டுக்கு அடியில் போகும் ஒரு குகைவழி. ரசிகர்கள் நிற்கும் இடத்தை வேலி போட்டு அடைப்புகளாகப் பிரித்திருந்தார்கள். அந்த வழி ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளில் போய் முடிந்தது. ஓரத்து அடைப்புகளில் இடம் இருந்தும், அந்தப் பக்கம் திருப்பிவிட ஆளில்லை. முன்னால் கம்பி வேலி. 97 பேர் இறந்தார்கள்.

சுழல் கதவுகள் மொத்தத் தலைகளைத்தான் எண்ணின. எந்த அடைப்பில் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. என்னைக் கேட்டால் பெரிய கோளாறு அதுதான். அப்புறம், கேட்டைத் திறப்பதற்கு முன் அந்தக் குகைவழியை மறித்திருக்க வேண்டும்.