ஹெல்மெட்டுக்குக் கணக்கு உண்டா?

கேள்வி: செம்பனை ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். பயிற்சி, பூட்ஸ் என்று எதைக் கேட்டாலும் "இதனால் என்ன லாபம்?" என்கிறார் மேனேஜர். என்ன சொல்வது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். ஆனால் இணையத்தில் படித்துவிட்டு "விபத்து குறைந்தால் இன்சூரன்ஸ் கட்டணம் குறையும்" என்று ஆரம்பிக்க வேண்டாம், அது அமெரிக்காவில் சரி, இங்கே மலேசியாவில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா சம்பளத்தைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். அடிபட்டவருக்குச் சொக்சோ கொடுத்துவிடும் என்றுதான் மேனேஜரும் நினைத்துக்கொண்டிருப்பார். சரி, ஆலை நின்றால் யார் கொடுப்பது?

செம்பனைக் குலை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் ஒருவருக்கு நீராவி பட்டுவிட்டது என்று வையுங்கள். வேலை நிற்கும், விசாரணை வரும், அதுவரை லாரி லாரியாக வந்த பழம் மேடையில் கிடக்கும். கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலையில் வெட்டு விழும். போன வருடம் ஆலை எத்தனை மணி நேரம் விபத்தால் நின்றது, அன்றைய எண்ணெய்த் தரம் என்ன, ஓவர்டைம் எவ்வளவு போனது என்று கிராணியிடம் (எழுத்தரிடம்) வாங்கி, நீங்கள் கேட்கும் பூட்ஸ் விலைக்குப் பக்கத்தில் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்காக எழுதிக் காட்டுங்கள். அரைப் பக்கம் போதும், பவர்பாயிண்ட் எல்லாம் வேண்டாம்.

அப்புறம், 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 ஆகிவிட்டது. இதைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் சொன்னால் மிரட்டுவது போல் இருக்கும்.