தமிழில் யோசித்து மாற்றிச் சொல்லாமல், நேராக ஆங்கிலத்திலேயே பேச என்ன வழி?

கேள்வியின் விவரம்: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே வேலை. தமிழ் மீடியம். ஆங்கிலம் படித்தால் புரிகிறது. பேசும்போது தமிழில் யோசித்து மாற்றுவதற்குள் விருந்தாளி அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்.

பதில்:

உங்கள் பக்கத்து ஹட்டிக்காரர் (படுகர் ஊர்க்காரர்) ஒருவரைக் கவனியுங்கள். வீட்டில் படுகா, மார்க்கெட்டில் தமிழ். கேரட் மூட்டைக்கு விலை பேசும்போது அவர் படுகாவில் யோசித்துத் தமிழுக்கு மாற்றுவதில்லை. விலை பேசுகிற பேச்சே அவருக்குத் தமிழில்தான் பழக்கம், அதனால் தமிழிலேயே வருகிறது. ஆங்கிலத்தில் யோசிப்பது என்பதும் இதுதான். ஒரு வேலைக்கான பேச்சு அந்த வேலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூளை முழுவதையும் ஒரேயடியாக மாற்றப் பார்ப்பவர்கள்தான் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் வார்த்தைப் பஞ்சம் என்று நினைப்போம். பெரும்பாலும் வரிசைதான் காரணம். "நேத்து தங்கினவங்க விட்டுட்டுப் போன குடை" என்பதில் குடை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அதுதான் முதலில்: 'தி அம்ப்ரெல்லா தட் எஸ்டர்டேஸ் கெஸ்ட்ஸ் லெஃப்ட்'. தமிழில் யோசித்தால் முழு வாக்கியத்தையும் தலையில் தாங்கி, தலைகீழாகப் புரட்டி, பிறகு வாய் திறக்க வேண்டும். அதனால் வாக்கியத்தை வெட்டுங்கள். 'தேர்ஸ் ஆன் அம்ப்ரெல்லா ஹியர். சம் கெஸ்ட்ஸ் லெஃப்ட் இட் எஸ்டர்டே.' சின்ன வாக்கியம் ரெண்டு. புரட்ட ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு வேலையை எடுங்கள். டீ போடுவது என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 10 நிமிடம், கை செய்வதை வாய் சொல்ல வேண்டும்: 'ஐம் ஃபில்லிங் தி கெட்டில். இட்ஸ் பாய்லிங். வேர்ஸ் தி வடிகட்டி?' வடிகட்டிக்கு ஆங்கிலம் தெரியவில்லையா, தமிழிலேயே போட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலமாக இருந்தால் போதும். நின்று வார்த்தை தேடினால் தமிழ் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் நோட்டில் குறித்து, ராத்திரி பாருங்கள். நோட்டில் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு சொல்லுக்கு மேல் ஏறவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்: படுக்கை விரிப்பது, கீசர் போடக் காட்டுவது, டாக்ஸி சொல்லிவிடுவது.

முணுமுணுத்தாவது சொல்ல வேண்டும். மனசுக்குள் மட்டும் ஓட்டினால் பாதி வாக்கியம் முழு வாக்கியம் மாதிரித் தெரியும். ஓட்டை எங்கே என்று வாய்க்குத்தான் தெரியும்.

அகராதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். ஆங்கிலம்–தமிழ் அகராதி வேண்டாம், கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி வாங்குங்கள். 1978இல் முதலில் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்கிறது. ஏன் இது முக்கியம் என்பதற்கு உங்கள் மலையிலேயே உதாரணம் உண்டு. நமக்குப் புல்லில் நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, ஜனவரி விடியலில் வெள்ளையாகப் படிவதும் பனி. ஆங்கிலத்தில் முதலாவது ட்யூ, ரெண்டாவது மிஸ்ட், இன்னும் அடர்ந்தால் ஃபாக், மூன்றாவது ஃப்ராஸ்ட். 'பனி என்றால் ஸ்னோ' என்று ஒற்றைச் சொல்லாக மனப்பாடம் செய்தவர் விருந்தாளியிடம் ஊட்டியில் ஸ்னோ என்கிறார். அவரும் பனிமனிதன் செய்யலாம் என்று நம்பிக் குழந்தையோடு அடுத்த வருஷம் வந்து நிற்பார்.

தமிழ் வாக்கியம் காலை வாருகிற இடங்கள் சில உண்டு. முதலாவது 'எனக்கு'. எனக்குக் குளிருது, எனக்குப் புரியல, எனக்கு ரெண்டு தங்கச்சி எல்லாமே அங்கே 'ஐ' என்று ஆரம்பிக்கும்: ஐம் கோல்ட், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ். அடுத்தது 'தான்'. அதை 'ஒன்லி' ஆக்கி 'ஐம் இன் கோத்தகிரி ஒன்லி' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் குரலில் அழுத்தினாலே போதும். மூன்றாவதுதான் நிஜமான சிக்கலைக் கொண்டுவரும். 'டிடின்ட் யூ கெட் தி கீ?' என்று விருந்தாளி கேட்கிறார். நாம் "ஆமா, வாங்கல" என்று நினைத்து 'யெஸ்' என்கிறோம். சாவி கிடைத்துவிட்டது என்று அவர் போய்விடுகிறார். நம்முடைய 'ஆமா' கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறது, அவர்களுடைய 'யெஸ்' நடந்ததைப் பார்க்கிறது. வாங்கவில்லை என்றால் எப்படிக் கேட்டாலும் 'நோ, ஐ டிடின்ட்'.

வேகத்துக்கு 4-3-2 பயிற்சி. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், உடனே 3, உடனே 2 நிமிடத்தில் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். விருந்தாளிகள் எப்படியும் கேட்கப்போகிற மலை ரயிலையே எடுக்கலாம்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டியைத் தொட்டது, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுகிறது. முதல் சுற்றிலேயே என்ன சொல்வது என்பது முடிவாகிவிடுவதால், கடைசிச் சுற்றில் மொழிபெயர்க்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. எழுதி வைத்து மனப்பாடம் செய்தால் இது வீண்.

எண்கள்தான் கடைசியில் ஆங்கிலத்துக்கு மாறும். குன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்தால் எதிரே வரும் டிஎன் 43 வண்டிகளின் நம்பரை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே போங்கள்.

பில் தகராறு வந்தால் தமிழ்தான் முதலில் பொங்கும், அதை அடக்கப் பார்க்காதீர்கள். 'ஒன் மினிட், லெட் மீ செக்' என்று ஒரு வாக்கியத்தைக் கைவசம் வைத்திருந்து, சொல்லிவிட்டு உள்ளே போய், சொல்ல வேண்டியதை ரெண்டு சின்ன வாக்கியமாக வெட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.