ஃபேன்டஸி கதையில் அரசரை எப்படி அழைப்பது?

கேள்வி இதுதான்: "ஃபேன்டஸி நாவல் ஒன்று எழுதுகிறேன். பேரரசர், இளவரசி, சிற்றரசர், பிரபு என்று பல படிகள் வருகின்றன. பாத்திரங்கள் இவர்களை எப்படி அழைக்க வேண்டும்? பட்டியல் ஏதாவது உண்டா?"

பட்டியல் கிடைக்கும். ஆங்கிலேய மரபில் அரசருக்கு யுவர் மெஜஸ்டி, இளவரசருக்கு யுவர் ஹைனஸ், டியூக்குக்கு யுவர் கிரேஸ். அதுவும் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. எட்டாம் ஹென்றி காலத்துக்கு முன்பு அங்கே அரசரையே கிரேஸ், ஹைனஸ் என்றுதான் அழைத்தார்கள். இதையெல்லாம் அப்படியே தமிழாக்கி 'மாட்சிமை தங்கிய' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதினால், அரசாணையைப் படிப்பது போல இருக்கும்.

பட்டத்தை முடிவு செய்வதற்கு முன்னால், அதை வாய்விட்டுச் சொல்லப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். சிலப்பதிகாரத்தில் வாயிற்காவலன் பாண்டியனிடம் "வாழி எம் கொற்கை வேந்தே வாழி" என்று தொடங்கி, செழியன், தென்னவன், பஞ்சவன் என்று வரிசையாக அடுக்குகிறான். பின்னாலேயே வருகிற கண்ணகி சொல்வது "தேரா மன்னா". அரசன் ஒருவன்தான், சபையும் ஒன்றுதான். காவலனின் பயமும் கண்ணகியின் கோபமும் விளிக்கும் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நான் வேலூர்க்காரன். இந்தப் பக்கத்து வரலாற்றிலேயே கதைக்கு வேண்டிய அளவு கிடைக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாகக் கொண்டுவந்தார்கள். 1832-இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவரைப் போல நாடிழந்த மன்னர் ஒருவரை உங்கள் நாவலில் வைத்துப் பாருங்கள். கூடவே வந்த பணியாளர் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? காவலுக்கு நிற்கும் அதிகாரி என்ன சொல்வார்? இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது பணியாளர் குரலைத் தாழ்த்துவாரா, வேண்டுமென்றே உயர்த்துவாரா? இதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம். அதே கோட்டையில் 1806 ஜூலையில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த சிப்பாய்கள் திப்புவின் மகன் ஃபதே ஹைதரைத் தங்கள் மன்னராக அறிவித்தார்கள். அன்று அந்தப் பட்டத்தைச் சொல்வதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

சிற்றரசர் விஷயத்துக்கு, படவேட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராயர்களைப் பாருங்கள். சோழருக்கு அடங்கியிருந்த காலத்தில் ஒருவர் 'எதிரிலி சோழ சம்புவராயர்' என்று பேரரசரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார். சோழர் போன பிறகு, 14-ஆம் நூற்றாண்டில், அதே குலத்தவர் தங்களைச் 'சகலலோக சக்கரவர்த்தி' என்றே சொல்லிக்கொண்டார்கள். உங்கள் சிற்றரசன் கலகம் செய்யப்போகிறான் என்றால், அதைப் படை திரட்டும் காட்சிக்கு முன்பே அவன் ஓலையில் போடும் பெயரில் காட்டிவிடலாம்.

இறந்துபோன மன்னரைக் குறிக்கவும் நம்மிடம் அழகான வழி இருக்கிறது. மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் (இறந்தவர் நினைவாக எழுப்புவது) கல்வெட்டு, அவனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது. எங்கே இறந்தாரோ அந்த ஊரே அடையாளம்.

அரண்மனைக்கு வெளியிலும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் வடாற்காட்டுக் கிராமங்களில் கூலி வேலை செய்தவர்கள் நிலக்காரரை 'ஆண்டே' என்று அழைத்த காலம் ரொம்பப் பழையதில்லை. நிலக்காரர் வீட்டுச் சின்னப் பையனையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். அவனோ தாத்தா வயதுள்ளவரைப் பெயர் சொல்லி, 'டா' போட்டுப் பேசுவான். பிரபுக்களும் குடிமக்களும் வரும் ஃபேன்டஸியில் இந்த வலி துளியும் இல்லையென்றால் அந்த உலகத்தை என்னால் நம்ப முடிவதில்லை. 'பிரபுவே' என்று சொல்லும் குதிரைக்காரனுக்கு அந்தச் சொல் எவ்வளவு கசக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், பட்டங்களை நிறையக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற நான்கே பாதி வேலையைச் செய்துவிடும். சபையில் 'தாங்கள்' என்கிற தளபதி, தனியறையில் பால்ய நண்பனாக 'நீ' என்கலாம். எப்போதும் 'நீ' என்றே பேசிய அக்கா, தம்பிக்கு முடிசூட்டிய மறுநாள் 'நீங்கள்' என்றால் வேறு விளக்கமே வேண்டாம். சபைக்கு 'அரசே', நெருங்கியவர்களுக்கு ஒரு சொல், எதிரிகளுக்கு ஒன்று, ஊர்மக்கள் முதுகுக்குப் பின்னால் சொல்ல ஒன்று. ஒரு நாவலுக்கு இவ்வளவு போதும்.

ஒன்றை முதல் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: கதைசொல்லியான நீங்கள் 'அரசன் வந்தான்' என்று எழுதப்போகிறீர்களா, 'அரசர் வந்தார்' என்றா? நாயகன் அரியணை ஏறியதும் பலர் 'அவர்' என்று மாற்றிவிடுகிறார்கள். நான் கடைசிவரை 'அவன்' என்றுதான் எழுதுவேன்.